ஸ்னெல்தார்ப்பின் நார்வேக் கல்

ஸ்னெல்தார்ப்பில் நாற்பத்தொரு பேர் குடியிருந்தார்கள். அதில் தாம் ஒருவரே இருபது பேருக்குச் சமம் என்பது டெஸ்மண்ட் தார்ன்லியின் கணக்கு. அந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஊர்க்கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கவுன்சில் வைக்கிற அளவுக்கு ஆள் இல்லாத ஊர் என்பதால், வருஷத்துக்கு இரண்டு முறை தேவாலயத்தின் பின்வரிசை பெஞ்சுகளில் கூட்டம் நடக்கும். ஏழு பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்களாக இருப்பார்கள். டெஸ்மண்ட் லெஸ்டரில் முப்பது வருஷம் புவியியல் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்று, இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தார். வந்த இரண்டாம் வருஷமே கல்லைக் கண்டுபிடித்தார். 'கண்டுபிடித்தார்' என்பது அவருடைய சொல். கல் சாலையோரப் புல்லில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரிதான் கிடந்தது. தபால் வண்டிக்காரர் தினமும் அதைச் சுற்றித்தான் வண்டியைத் திருப்பினார்.

கல் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். கருநீலம், வெயில் பட்டால் உள்ளுக்குள்ளிருந்து மயில்கழுத்தாக மின்னும். ஸ்னெல்தார்ப்பின் மண்ணோ மேலே களி, கீழே சுண்ணாம்புப் பாறை. இரண்டு முழம் தோண்டினால் வெள்ளை வந்துவிடும். அப்படிப்பட்ட மண்ணில் இப்படி ஒரு கல் முளைக்க வழியே இல்லை. இது லார்விகைட் என்னும் நார்வே நாட்டுப் பாறை, பனியுகத்தில் பனியாறு இதை வட கடலுக்கு அப்பாலிருந்து இழுத்துவந்து இங்கே போட்டுவிட்டு உருகிப் போனது என்று டெஸ்மண்ட் இருபத்தெட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 'காலடியில் ஒரு காவியம்' என்று பெயர் வைத்தார். அட்டையில் கல் பாதி, டெஸ்மண்ட் பாதி. இரண்டில் கல்தான் கொஞ்சம் கூச்சத்தோடு நிற்பதுபோலத் தெரியும்.

புத்தகம் வந்ததும் ஊருக்கு ஞாபகசக்தி பெருகிவிட்டது. அப்போது அறுபத்தைந்து வயதான மியூரியல் எண்டர்பி, தன் தாத்தா அந்தக் கல்மேல் உட்கார்ந்துதான் தன் பாட்டியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தார் என்று சொல்ல ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் சொன்னபோது கதையில் தாத்தா முழங்காலும் போட்டார். அதற்கடுத்த வருஷம் மழையும் பெய்தது.

ஒரே ஒருத்தர்தான் குறுக்கே பேசினார். கல்லுக்கு எதிர்வீட்டு ராய் மால்ட்பி. கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், பதினாறு மாடு. யார் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் கூப்பிடுவது அவரைத்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்தக் கல்லை நான்தான் வச்சேன், டெஸ். கடற்கரையில அலைத்தடுப்புக்கு நார்வேலேர்ந்து கப்பல்ல கல் கொண்டாந்து கொட்டினாங்கல்ல, நான் அங்க லாரி ஓட்டினேன். ஒண்ணு மூலை உடைஞ்சு போச்சு, வேணும்னா எடுத்துக்கோன்னாரு மேஸ்திரி. கோயிலுக்கு வர்ற காரெல்லாம் எங்கம்மா வச்ச டாஃபடில் பூ மேல ஏத்தி ஏத்தித் திருப்பினாங்க. அதான் கொண்டாந்து அங்க போட்டேன்."

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் பின்பெஞ்சுப் பையன் தப்பான பதில் சொன்னால் செய்கிற அதே காரியம்.

"அப்படியா ராய். உன்னோட லாரி பனிக்கட்டியில செஞ்சதா இருக்கும்."

ஏழு பேர் சிரிப்பதற்கு அந்த ஆலயம் நல்ல எதிரொலி தந்தது. ராய் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் 'பனிலாரி' என்று பெயர். அன்றிலிருந்து அவரும் டெஸ்மண்டை 'டெஸ்' என்று கூப்பிட்டதில்லை, 'மிஸ்டர் தார்ன்லி'தான்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். டெஸ்மண்ட் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தார். 'இக்கல் லாரியில் வந்ததாக ஒரு நாட்டுப்புறக் கதையும் உண்டு. படிப்பறிவு எட்டாத இடங்களில் இத்தகைய கற்பனைகள் சகஜம்.' ஈஸ்டர் முடிந்து ஐந்தாம் ஞாயிறு, வயல்களுக்கு ஜெபம் செய்துகொண்டு ஊர் எல்லையைச் சுற்றிவருகிற பழைய வழக்கத்தை டெஸ்மண்ட் மறுபடி உயிர்ப்பித்திருந்தார். 'தொன்றுதொட்டு' என்று அழைப்பிதழில் போடுவார், தொட்டது அவர்தான். கையில் வில்லோ மரக் குச்சியோடு எல்லாரும் கல்லடியில் கூடுவார்கள். யாராவது ஒருத்தரைக் கைகால் பிடித்துத் தூக்கி, எல்லை மறக்காமலிருக்க, கல்லின்மேல் மூன்று முறை பின்புறம் இடிபட வைப்பார்கள். அதற்கு முன்னால் டெஸ்மண்ட் அந்த அடிக்குறிப்பை வாசிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஊர்வலத்துக்குத் தன் வயல் கேட்டைத் திறந்துவிட வேண்டியவர் என்பதால் ராயும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார். அவரும் சிரிப்பார்.

இந்த வருஷம் கல்லுக்குப் பித்தளைப் பலகை. மாவட்டத்து நிலவியல் மன்றத்திலிருந்து டாக்டர் ஃபிலிப்பா ஸ்டோர் என்கிற அம்மாள் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. பலகையில் பனியுகம் இரண்டு வரி, டெஸ்மண்ட் மூன்று வரி.

கல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பலகை கோணலாக இருந்தால் தம் பெயரும் கோணலாகிவிடும் என்று, வியாழக்கிழமை காலை டெஸ்மண்ட் ராயைக் கூப்பிட்டார். கல்லைத் தூக்கி அடியில் ஜல்லி போட்டு மட்டமாக வைக்க வேண்டும்.

ராய் கல்லைப் பட்டையால் சுற்றி, டிராக்டரின் முன்னாலிருக்கும் தூக்குக்கையில் கட்டினார்.

"எட்டி நில்லுங்க மிஸ்டர் தார்ன்லி. பத்தாயிரம் வருஷம் சும்மா கிடந்த கல்லு. திடீர்னு கோபம் வந்துச்சுன்னா எனக்குத் தெரியாது."

கல் களியை விட்டு உறிஞ்சும் சத்தத்தோடு எழும்பியது. முழங்கால் உயரத்தில் ஆடியபடி மெதுவாகத் திரும்பியது. அதன் அடிப்பாகம் டெஸ்மண்டின் பக்கம் வந்து நின்றது.

அடிப்பாகத்தில் ஒரு பள்ளம் இருந்தது. குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்தது போல, ஒரு முழத்துக்கு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக. உள்பக்கம் வழவழவென்று உருண்டையாக.

வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். டெஸ்மண்ட் முப்பது வருஷம் பிள்ளைகளைக் கல்குவாரிக்குக் கூட்டிப்போனவர். துரப்பண இயந்திரத்தால் துளை போட்டு, வெடி வைத்தால், பாறை அந்தத் துளை வழியாகத்தான் பிளக்கும். பிளந்த முகத்தில் பாதித் துளை இப்படித்தான் நிற்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை படம் போட்டிருக்கிறார். பனியாற்றுக்கு எத்தனையோ வேலை தெரியும். துளை போடத் தெரியாது.

ராய் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார். அவர் பள்ளத்தைப் பார்க்கவில்லை. கல் கிடந்த குழியைப் பார்த்தார். குனிந்து, களியிலிருந்து எதையோ பிடித்து இழுத்தார். நீல நைலான் கயிறு, கையளவு நீளத்தில்.

"அட," என்றார். "அன்னைக்கு இது அடியில மாட்டிக்கிச்சு. வராதுன்னு அறுத்துவிட்டேன். இங்கதான் இருந்திருக்கு பாருங்க."

அதில் குத்தலே இல்லை. தொலைந்த சாவி கிடைத்தவன் குரல். குத்தியிருந்தாலாவது டெஸ்மண்டுக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

டெஸ்மண்டின் காது மடல்கள் சுட்டன. கல் சரி, நாடு சரி, வண்டிதான் தப்பு. பத்தொன்பது வருஷம்.

ராய் ஜல்லியைக் கொட்டிப் பரப்பினார். திரும்ப டிராக்டரில் ஏறிக்கொண்டு கேட்டார்: "எப்படி வைக்கட்டும்? இருந்தபடியேவா, இல்ல திருப்பியா?"

சாதாரணக் கேள்வி. சாக்கடை மூடியை வைக்கும்போதும் கேட்பார். டெஸ்மண்ட் சாலையை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் வரவில்லை. மியூரியலின் பூனை மட்டும் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது.

"இருந்தபடியே," என்றார்.

"சரி."

பள்ளம் அடியில் போனது. மட்டம் பார்க்கும் குமிழி நடுவில் நின்றது. ராய் கயிற்றுத் துண்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருகாணியை எடுத்து, டெஸ்மண்டின் பெயரை அவரே கல்லின் தலையில் முடுக்கினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க டெஸ்மண்ட் தமக்குத் தாமே வக்கீலாக இருந்தார். கல் பனியாற்றில் வந்து, பிறகு யாரோ அதில் துளை போட்டிருக்கலாம். யார்? ஏன்? வேறு ஊரில் பனியாறு போட்ட கல்லாக இருந்து, அதை ராய் கொண்டுவந்திருக்கலாம். சாயங்காலத்துக்குள் வக்கீல் கட்சிக்காரரைக் கைவிட்டுவிட்டார். மிஞ்சியது 'இருந்தபடியே' என்கிற ஒரு வார்த்தை. பத்தொன்பது வருஷத் தப்பு அறியாமல் செய்தது. வியாழக்கிழமைத் தப்பு அறிந்தே செய்தது. அதுவும் யாரைப் பொய்யனாக்கினாரோ அந்த ஆளின் கையாலேயே.

சனிக்கிழமை காலை அவர் ராய் வீட்டுக் கதவைத் தட்டினார். சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் இரண்டு தரம் சொல்லிப் பார்த்திருந்தார்.

"வாங்க மிஸ்டர் தார்ன்லி."

"இல்ல, உள்ள வரல. பூட்ஸ்ல சேறு."

"இங்க யார் பூட்ஸ்ல சேறு இல்ல."

"நாளைக்கு மழை வராதுன்னு சொல்றாங்க."

"சொல்லுவாங்க."

டெஸ்மண்ட் கதவு நிலையைப் பார்த்தார். உள்ளே சன்னல் விளிம்பில் ஒரு கிழவியின் படம், கையில் பூக்கூடையோடு. டாஃபடில் அம்மாவாக இருக்க வேண்டும். டெஸ்மண்ட் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தைய வருஷம் அவள் இறந்துபோயிருந்தாள்.

"ராய், வியாழக்கிழமை…"

"கல்லு ஆடுதா?"

"இல்ல. நல்லா நிக்குது."

"அப்பச் சரி."

ராய் காத்திருந்தார். நல்ல மனுஷன், நேரம் கொடுத்துத்தான் காத்திருந்தார். டெஸ்மண்ட் வாயைத் திறந்து, கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றனவா என்று கேட்டார். ராய் உள்ளே போய் ஆறு முட்டையை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போனவர் முட்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிறன்று மழை இல்லை. பத்தொன்பது பேரும் இரண்டு நாயும் கூடியிருந்தார்கள். ஸ்னெல்தார்ப்பில் இது மாநாடு. ஏழு தேவாலயங்களைக் கட்டி மேய்க்கிற குருவானவர் கில்லியன் அம்மா, அங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து ஓடிவந்தார்.

"பதினொண்ணரைக்கு அடுத்த ஊர்ல ஞானஸ்நானம் இருக்கு டெஸ்மண்ட். பேச்சு சுருக்கமாவா, இல்ல உங்க கணக்குல சுருக்கமாவா?"

எண்பத்து நாலு வயது மியூரியல் மடக்கு நாற்காலியில் முன்வரிசை பிடித்திருந்தாள். "பனிலாரி கதையை மட்டும் விட்டுடாதீங்க. அது இல்லைன்னா எனக்கு ஞாயித்துக்கிழமை வந்த மாதிரியே இருக்காது."

டாக்டர் ஸ்டோர் பலகைமேல் போட்டிருந்த திரையை விலக்கினார். கைதட்டினார்கள். இந்த வருஷம் கல்லில் இடிபடும் கௌரவம் தலைவருக்கே என்று முடிவாகியிருந்தது. டெஸ்மண்ட் புத்தகத்தைத் திறந்தார். பனியுகம் போயிற்று, வட கடல் போயிற்று. இருபத்தொன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்பு வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். வயல் கேட்டின் அருகில் நின்றிருந்த ராய் முன்கூட்டியே சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சிரிக்கும்போது தன் முகம் வெறுமையாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முன்னாலேயே எடுத்து மாட்டிக்கொள்கிற சிரிப்பு. பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷன் அதைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். டெஸ்மண்ட் அதை இன்றுதான் பார்த்தார். இத்தனை வருஷமும் அதைக் கைதட்டல் கணக்கில் சேர்த்திருந்தார்.

புத்தகத்தை மூடினார்.

"லாரியிலதான் வந்துச்சு," என்றார்.

பெரிய சிரிப்பு. இந்த வருஷம் புதுசாகச் சொல்கிறார் என்று மியூரியல் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தாள்.

"இல்ல, நிஜமாவே. ராய் கொண்டாந்து வச்சாரு."

இன்னும் பெரிய சிரிப்பு. ஒரு நாய் குரைத்தது.

"அடியில துளை போட்ட பள்ளம் இருக்கு. குவாரியில வெடி வைக்கிற துளை. வியாழக்கிழமை பார்த்தேன். பார்த்துட்டு மறைச்சு வைக்கச் சொன்னேன்." அவர் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை. "அன்னைக்கு ராய் உண்மையைச் சொன்னாரு. நான் அதைக் கேலி பண்ணினேன். வருஷா வருஷம் பண்ணினேன். அதுக்கு நான் வெக்கப்படறேன்."

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை; ஒவ்வொருவராக, விளக்கணைக்கிறதுபோல நின்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் ஸ்னெல்தார்ப். எல்லாரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து நாயின் பட்டையைச் சரிசெய்தார். ஒரு பெரியவர் நடுத்தெருவில் பேண்ட் அவிழ்ந்து நின்றால் எப்படிப் பார்க்காமல் இருப்பார்களோ, அப்படி மரியாதையாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

டாக்டர் ஸ்டோர்தான் முதலில் பேசினார். "கல்லு நார்வேக் கல்லுதான். அதுல சந்தேகமில்ல." ஆறுதலாகத்தான் சொன்னார்.

"எங்க தாத்தா இதுமேலதான் உக்காந்தாரு," என்றாள் மியூரியல்.

"மியூரியல்," என்றார் ராய், கேட்டின் அருகிலிருந்து. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. "நான் இதை இறக்கின அன்னைக்கு நீங்கதான் எனக்கு டீ கொண்டாந்து கொடுத்தீங்க. இஞ்சி பிஸ்கட்டோட."

மியூரியல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கல்லைப் பார்த்தாள்.

"அது வேற கல்லு," என்றாள்.

கில்லியன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நாம ஜெபம் பண்ணலாமா? அப்புறம் தலைவரை… அது இருக்கா இன்னும்?"

இருந்தது. வழக்கம் வழக்கம்தானே. மூன்று பேர் முன்வந்தார்கள். மிஞ்சிய ஒரு காலுக்கு ஆள் இல்லை. ராய் கேட்டைச் சாத்திவிட்டு வந்து இடது காலைப் பிடித்துக்கொண்டார். தூக்கினார்கள். டெஸ்மண்ட் வானத்தைப் பார்த்தபடி தொங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. பலகையின் திருகாணி நன்றாகவே உறைத்தது. ராய் பழிவாங்கவில்லை, மற்ற மூன்று பேர் எப்படி இறக்கினார்களோ அப்படியேதான் இறக்கினார். ஓங்கி இடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது.

எல்லையைச் சுற்றிவந்த பிறகு ஆலயத்தில் டீ. எல்லாரும் டெஸ்மண்டிடம் வழக்கத்தைவிட அன்பாக நடந்துகொண்டார்கள், அதுதான் தண்டனை. இரண்டு பேர் வந்து பேச்சு நன்றாக இருந்தது என்றார்கள். எந்தப் பகுதி என்று இருவரும் சொல்லவில்லை.

மியூரியல் கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பனிலாரி, இன்னொரு துண்டு எடுத்துக்கோ கண்ணு."

ராய் எடுத்துக்கொண்டார்.

"அவர் பேர் ராய்," என்றார் டெஸ்மண்ட். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மியூரியல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியும் டெஸ்மண்ட். இவனைத் தொட்டில்ல போட்டு ஆட்டினவ நான். நீங்க லெஸ்டர்ல இருந்தீங்க அப்ப." தட்டோடு அடுத்த ஆளிடம் போனாள்.

டெஸ்மண்டுக்குப் புரிந்தது. கல்லைத் திரும்பக் கொடுத்துவிடலாம், கதையைத் திரும்பக் கொடுத்துவிடலாம். வைத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஊர் வாயில் போய்விட்டது. கல்லறையில் ராய் மால்ட்பி என்று பொறித்தாலும் பக்கத்தில் நிற்பவர்கள் பனிலாரி என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு பெயர்தான் இந்த ஊருக்கு அவர் நிஜமாகவே சேர்த்துக் கொடுத்தது.

"ராய்," என்றார். "நான் உங்ககிட்டத் தனியா கேக்கணும். மன்னிப்பு. நேத்திக்கு வந்தேன், முடியல."

ராய் கேக்கை மென்று முடித்தார். சட்டைமேல் விழுந்த துகளைத் தட்டிவிட்டார்.

"எங்கம்மா பூ இருந்த இடத்துல வருஷா வருஷம் ஊரே கூடி நிக்குது," என்றார். "ஒரு பூ மிஞ்சல. காருக்குப் பயந்து கல்லு வச்சேன். கல்லைப் பார்க்க வந்தவங்க மிதிச்சே போச்சு. பேரைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பூவுக்காகத்தான் உங்கமேல கோபம்."

டெஸ்மண்ட் இதை யோசித்ததே இல்லை. எங்கெல்லாம் தப்பு செய்திருக்கிறோம் என்று மூன்று நாளாகக் கணக்குப் போட்டிருந்தார். இது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கல்லைப் புரட்டிப் போடப் போறேன்," என்றார் ராய். "பள்ளம் மேல தெரியற மாதிரி. சரியா?"

"பலகை?"

"அது அடியில போயிடும்."

டெஸ்மண்ட் பித்தளையையும், அதில் மூன்று வரிகளையும், ஜல்லிக்கு அடியில் இருட்டையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"போகட்டும்," என்றார்.

"நீங்களும் வரணும் மிஸ்டர் தார்ன்லி. கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்." ராய் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "வரும்போது முட்டைத் தட்டைக் கொண்டாந்துடுங்க."